வரிக்குதிரை ஆபீஸ் அக்கா

ஆபீஸக்காவுக்குத் தெரியாத விஷயம் என்று உலகத்தில் எதுவும் கிடையாது. நாம் கேட்டு வாயை மூடுவதற்குள் பதில் வந்துவிடும். சரியான பதிலா என்று என்னைக் கேட்காதீர்கள். பதில் வரும், அவ்வளவுதான். தானா ராத்தா டவுனுக்கு அடுத்த பஸ் எப்போது என்று கேட்டாலும் சொல்வார், நிலாவில் ஏன் மழை பெய்வதில்லை என்று கேட்டாலும் சொல்வார். இரண்டுக்கும் முகத்தில் ஒரே நிச்சயம் இருக்கும். அந்த முகத்தை நம்பி, வராத பஸ்ஸுக்காக மழையில் நின்றவர்களில் நானும் ஒருத்தி.

நான் அப்போது கேமரன் மலையில், தேயிலைக் காட்டை ஒட்டியிருந்த மாதா கோயிலில் கிராணி. கிராணி என்றதும் பெரிய உத்தியோகம் என்று நினைத்துவிட வேண்டாம். ஞானஸ்நானச் சான்றிதழ், கல்யாணச் சான்றிதழ் எல்லாம் கம்ப்யூட்டரில் தட்டிக் கொடுப்பேன். ஃபாதருக்கு வரும் போனை எடுப்பேன். கரண்ட் போனால் சும்மா உட்கார்ந்திருப்பேன். கரண்ட் அடிக்கடி போகும்.

அக்காதான் ஆபீஸைக் கூட்டுவார், துடைப்பார், சாவிக்கொத்தை இடுப்பில் செருகிக்கொண்டு நடமாடுவார். கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தவர். முழங்கால் வலி வந்து மேடு ஏற முடியாமல் போனதும் எஸ்டேட் வேலை போனது, வேலையோடு எஸ்டேட் கொடுத்திருந்த லயத்து வரிசை வீடும் போனது. புருஷன் அதற்கு முன்பே போய்ச் சேர்ந்திருந்தார். ஃபாதர்தான் கூப்பிட்டு ஆபீஸின் பின்னறையைக் கொடுத்துக் குடியிருக்கச் சொன்னார். அந்த அறையைவிட்டால் கிள்ளானில் இருக்கும் மகள் வீடுதான். மகள் நல்லவள், மருமகன்தான் அதிகம் பேசாதவராம். அதிகம் பேசாத ஒரு வீட்டில் அக்காவை வைத்துப் பார்க்க என்னால் முடியவில்லை.

நெற்றி நிறைய விபூதி பூசிக்கொண்டுதான் அக்கா மாதா படத்தைத் தூசி தட்டுவார். ஒருமுறை யாரோ முகம் சுளித்ததற்கு, "எங்க சாமி வேற உங்க சாமி வேறதான். ஆனா இந்தக் குளிருல ரெண்டு பேருக்கும் ஒரே நடுக்கம்தான் லா," என்றார். ஃபாதர் அதைக் கேட்டுவிட்டு, ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்தில் தன் சொந்தக் கருத்துபோலச் சொன்னார்.

கட்டடத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். வெள்ளைச் சுவர், அதன்மேல் நேராகவும் சாய்வாகவும் கறுப்பு மரச்சட்டங்கள். செங்குத்தான கூரை, சின்னச் சின்னக் கண்ணாடி பதித்த ஜன்னல்கள், பக்கவாட்டில் செங்கல் புகைபோக்கி. ஊர் ஏக்கம் பிடித்த ஒரு வெள்ளைக்காரத் துரை, தன் தேசத்து வீட்டைப்போலவே கட்டிக்கொண்டதாம். ஜப்பான்காரன் காலத்தில் சிப்பாய்கள் தங்கினார்களாம். பிறகு கொஞ்ச காலம் ஆடுகள் தங்கினவாம். அதற்கும் பிறகு கோயில் நிர்வாக ஆபீஸ் ஆனது. ஊருக்குத் தெரிந்த சரித்திரம் இவ்வளவுதான். எஸ்டேட் ஆட்கள் அதற்கு வரிக்குதிரை ஆபீஸ் என்று பெயர் வைத்திருந்தார்கள். அவர்களில் ஒருவரும் வரிக்குதிரையை நேரில் பார்த்ததில்லை.

சரித்திரத்தின் மிச்ச பாகத்தை அக்கா பார்த்துக்கொண்டார். வேன் வேனாக வரும் சுற்றுலாக்காரர்கள் படம் எடுப்பார்கள், கேள்வி கேட்பார்கள். அக்கா துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு வருவார்.

வாசல் ஏன் இவ்வளவு தாழ்வு? "மொத ஃபாதர் குள்ளம். அடுத்து வந்தவரு நெட்டை. தெனம் இடிச்சிக்கிட்டாரு. அந்தா பாருங்க, மேல தேஞ்சிருக்கு, அது அவரு நெத்திதான்."

புகைபோக்கி உச்சியில் ஏன் இரண்டு குழாய்? "ஒண்ணு துரைக்கு, ஒண்ணு துரையம்மாவுக்கு. ரெண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை கெடையாது. புகை மட்டும் எதுக்குச் சேந்து போவணும்?"

சுவரில் ஏன் கறுப்புக் கோடு? இதுதான் அக்காவின் உச்சம். "அப்பல்லாம் இங்க புலி நடமாட்டம். துரையம்மாவுக்கு ராத்திரியில தூக்கம் இல்ல. அதான் வீட்டுக்கே வரி போட்டாரு துரை. புலி வந்து பாக்கும். நம்மளவிடப் பெரிய புலி ஒண்ணு உக்காந்திருக்குன்னு நெனச்சித் திரும்பிப் போயிரும்."

இது கோலாலம்பூர்வரை போய்விட்டது. ஒருநாள் சுற்றுலா வழிகாட்டி ஒருவர் வேனிலிருந்து கூட்டத்தை இறக்கி, வாசலில் நிறுத்தி, இதே புலிக்கதையைக் கை கால் ஆட்டிச் சொல்லிக்கொண்டிருந்தார். அக்கா வாளியோடு வெளியே வந்து காது கொடுத்துக் கேட்டார். பிறகு வாளியைக் கீழே வைத்தார்.

"யாருய்யா சொன்னா உனக்கு?"

"எல்லாருக்கும் தெரிஞ்ச சரித்திரம்தானேக்கா," என்றார் வழிகாட்டி.

"தப்பு. புலி இல்ல, பன்னி. புலி வரியப் பாத்தா எதுக்குப் பயப்படும்? அதுக்கே வரி இருக்கு. பன்னிதான் வரியப் பாத்தா புலின்னு நெனச்சி ஓடும். துரை மரவள்ளி போட்டிருந்தாருல்ல, அதத் திங்க வரும் பன்னி. தெரியாம வந்து ஆளுங்கள ஏமாத்தக் கூடாது."

வழிகாட்டி மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போனார். உள்ளே வந்த அக்காவிடம், "புலிக்கதை நீங்க சொன்னதுதானே?" என்றேன். "அது போன வருஷம்," என்றார். அதற்குமேல் அதில் பேச ஒன்றுமில்லை என்பதுபோல வாளியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

இனி கணப்பைப் பற்றி. முன்னறையில், என் மேசைக்கு எதிரே, ஆள் குனிந்து நுழையும் அளவுக்குப் பெரிய கணப்பு இருந்தது. துரை குளிர்காய நெருப்பு மூட்டிய இடம். சமவெளியில் இருப்பவர்களுக்கு எங்கள் மழைக்காலம் புரியாது. பனி வந்து ஜன்னலில் உட்கார்ந்தால் மாதக்கணக்கில் எழுந்திருக்காது. துணி காயாது. காயாது என்றால் காயவே காயாது. திங்கட்கிழமை துவைத்த பள்ளிக்கூடச் சட்டை அடுத்த திங்கட்கிழமையும் சொட்டும். பிள்ளைகள் ஈரக் காற்சட்டையோடு பள்ளிக்கூடம் போய்த் தும்மிக்கொண்டு திரும்பும். கைக்குழந்தை இருக்கும் வீடு என்றால் கேட்கவே வேண்டாம்.

அக்கா கணப்பில் நெருப்பு மூட்டினார். பிடுங்கிப் போட்ட பழைய தேயிலைச் செடியின் வேர்க்கட்டை இருக்கிறதே, அதுபோல நின்று எரியும் விறகு வேறு கிடையாது. எஸ்டேட்டில் சும்மாவே கிடைக்கும். லயத்துப் பெண்கள் கூடையில் ஈரத்துணியோடு பின்வாசல் வழியாக வருவார்கள். நாற்காலி முதுகு, அலமாரிக் கதவு, ஜன்னல் கம்பி, எல்லாவற்றிலும் சட்டை, பாவாடை, குழந்தைத் துணி. நான் அவற்றை விலக்கி விலக்கித்தான் கம்ப்யூட்டர் திரையைப் பார்ப்பேன். நான் தட்டிக் கொடுத்த ஞானஸ்நானச் சான்றிதழ் எல்லாம் புகை வாசம் அடிக்கும். ஃபாதருக்கு இது தெரியுமா என்றால், தெரியும். "இன்னிக்கு ஆபீஸ் நல்லா வெதுவெதுன்னு இருக்கே," என்று மட்டும் சொல்லிவிட்டு, ஒரு ஜோடி ஈர சாக்ஸை மேசைமேல் மறந்துவிட்டுப் போவார்.

தெரியாமல் பார்த்துக்கொள்ள வேண்டிய ஒரே ஆள் கோயில் கமிட்டித் தலைவர். பக்கத்து ஊரான பிரிஞ்சாங்கில் இருந்தார், ஓய்வுபெற்ற ஆஸ்பத்திரி உத்தியோகஸ்தர். அவர் ஒரு வருஷம் நெருப்பைப் பார்த்துப் பதறி, பழைய மரக் கட்டடம் பற்றிக்கொள்ளும் என்று தடை போட்டார். 'நெருப்பு மூட்டக் கூடாது. மீறினால் வேலை நீக்கம்' என்று பலகை எழுதி, கணப்புக்கு நேர்மேலே ஆணி அடித்து மாட்டினார். அந்த ஆணி நல்ல ஆணி. அக்கா அதில்தான் துணிக்கொடியின் ஒரு முனையைக் கட்டினார்.

தலைவர் வருவதற்கு முன்னால் அவருடைய மோட்டார் சைக்கிள் சத்தம் வரும். அதன் புகைக்குழாயில் ஏதோ கோளாறு, மூன்று வளைவுக்கு அப்பாலேயே கேட்கும். கேட்டதும் கொடியை அவிழ்த்து, துணியை அலமாரிக்குள் திணித்து, நெருப்பை அணைத்துவிடுவோம். நான் கம்ப்யூட்டர்முன் உட்கார்ந்துவிடுவேன், அக்கா துடைப்பத்தோடு நிற்பார். வெளியே புகை தெரியாதா என்று கேட்பீர்கள். பனியும் வெள்ளை, புகையும் வெள்ளை. எது எது என்று தலைவரால் கண்டுபிடிக்க முடியவில்லை.

அப்படி அவசரமாகத் திணித்ததில்தான் சாக்ஸ் வழக்கம் பிறந்தது. கல்யாணச் சான்றிதழ் வாங்கிப்போன ஒரு பெண்ணின் அம்மா மறுநாள் திரும்பி வந்தார். உறைக்குள்ளிருந்து ஒரு சின்னஞ்சிறு சாக்ஸை எடுத்து என் மேசைமேல் வைத்தார்.

"என்ன கிராணி இது? கல்யாணப் பேப்பரோட புள்ள சாக்ஸு வந்திருக்கு?"

அக்கா தரையைத் துடைத்துக்கொண்டே நிமிராமல் சொன்னார்: "அது ஆபீஸ் வழக்கம்மா. வெள்ளக்காரன் காலத்துலேர்ந்து. ஒத்த சாக்ஸு நாங்க குடுப்போம். அதப் போடுற காலு சீக்கிரம் வரட்டும்னு ஆசீர்வாதம். அடுத்த சாக்ஸு நீங்க வாங்கிக்கணும்."

அந்த அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. சாக்ஸைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போனார். அடுத்த மழைக்காலத்துக்குள் அந்தப் பெண் குழந்தையோடு வந்து நின்றாள். அவ்வளவுதான். அதன் பிறகு வந்த ஜோடிகள் எல்லாம் சான்றிதழை வாங்கிக்கொண்டு நகராமல் நிற்பார்கள். "சாக்ஸு?" என்று மாப்பிள்ளைகள் வெட்கப்பட்டுக் கேட்பார்கள். நான் பசார் மாலாம் இரவுச் சந்தையில் குழந்தை சாக்ஸ் கட்டாக வாங்கிவந்து ஜோடி பிரித்து வைக்க வேண்டியதாயிற்று. தலைவரே தன் மகள் கல்யாணத்துக்கு, "நம்ம பழைய வழக்கம், விட்டுறக் கூடாது," என்று கேட்டு வாங்கிக்கொண்டார்.

அந்தக் கல்யாணம்தான் வினையாக வந்தது. விருந்து ஆபீஸை ஒட்டி வெளியில், கித்தான் பந்தலுக்குக் கீழே நடந்தது. மழை கித்தானில் குளம் கட்டி, கேக் வெட்டும் நேரம் பார்த்து மொத்தமாகக் கேக்மேல் ஊற்றியது. தலைவர் தொப்பலாக நின்றார். அவர்மேல் எனக்கு எவ்வளவோ கோபம் உண்டு, ஆனால் அன்றைக்குப் பாவமாக இருந்தது. மறுநாளே முடிவெடுத்துவிட்டார்: வரிக்குதிரை ஆபீஸை இடிக்க வேண்டும். அந்த இடத்தில் பெரிய மண்டபம், கார் நிறுத்த இடம், தரையெல்லாம் டைல்ஸ். "வழவழன்னு, முகம் பாக்குற மாதிரி," என்று சொல்லிச் சொல்லி அவர் கண்கள் மினுங்கும். ஆபீஸுக்கு மண்டபத்து மூலையில் ஓர் அறை. பின்னறைக்கு அந்தத் திட்டத்தில் இடமில்லை, கணப்புக்கும் இல்லை.

மரமெல்லாம் உளுத்துவிட்டது, ஆள்மேல் விழும் என்று மேலிடத்துக்குச் சொல்லியனுப்பினார். மேலிடம் உடனே ஒப்புக்கொள்ளவில்லை. கோலாலம்பூரிலிருந்து ஒரு ஆர்க்கிடெக்ட் அம்மாவை அனுப்புகிறோம், மரம் உளுத்தது என்று அவர் சொன்னால் இடியுங்கள், இல்லையென்றால் இருக்கட்டும் என்றார்கள்.

மழை கனத்துப் பெய்துகொண்டிருந்த மாதம் அது. முதல் நாளே அக்காவிடம் கெஞ்சினேன். "அக்கா, நாளைக்கு ஒரு நாள் மட்டும் கதை விடாதீங்க. அவங்க படிச்சவங்க. பன்னி, புலின்னா சிரிச்சிட்டு இடிச்சிருவாங்க. தெரியலன்னா தெரியாதுன்னு சொல்லுங்க."

அக்காவுக்கு அது பிடிக்கவில்லை. "அது எப்படி லா? ஒருத்தங்க அவ்வளவு தூரத்துலேர்ந்து வந்து ஒண்ணு கேக்குறாங்க. வெறுங்கையோட அனுப்புறதா?"

"உங்க வீடுக்கா போகப் போறது."

"தெரியும்மா," என்றார். முதல்முறையாகக் குரல் இறங்கியிருந்தது. சாவிக்கொத்தை இடுப்பிலிருந்து எடுத்துத் திரும்பவும் செருகிக்கொண்டார்.

சோற்று நேரத்துக்குப் பிறகுதான் வருவதாகச் சொல்லியிருந்தார்கள். அவர்கள் வரும் நாளுக்கு மறுநாள் பள்ளிக்கூடம் திறப்பு. எனவே காலையில் நெருப்பு மூட்டி, லயத்துச் சீருடை எல்லாவற்றையும் காயவைத்து, அவர்கள் வருவதற்குள் அடுப்புச் சாம்பல்கூடத் தெரியாமல் துடைத்துவிடலாம் என்பது அக்காவின் கணக்கு. ஆனால் மலையேறி வரும் தாப்பா ரோட்டில் அன்று நெரிசலே இல்லை. ஆர்க்கிடெக்ட் அம்மா சீக்கிரமே வந்து, பிரிஞ்சாங்கில் தலைவரைத் தன் காரில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார். மோட்டார் சத்தம் கேட்கும் என்று காதைத் தீட்டிக்கொண்டிருந்த எங்களுக்குக் கார்க்கதவு சாத்தும் சத்தம்தான் கேட்டது.

அதன் பிறகு நடந்ததை வரிசையாகச் சொல்ல எனக்கு வராது. கொடி அறுந்தது. லயத்துப் பெண்கள் இருவர் கை கொள்ளாத பாவாடையோடு பின்னறைக்குள் பாய்ந்தார்கள். காற்சட்டைகள் சான்றிதழ் அலமாரிக்குள் போயின. குழந்தைத் துணிக் குவியலை என் நாற்காலிமேல் போட்டு, அதன்மேல் நான் உட்கார்ந்தேன். மேசையைவிட மிக உயரத்தில் இருந்தேன். தண்ணீர் கைக்கு அகப்படாததால், ஃபாதரின் தேநீர்ப் பாத்திரத்தை எடுத்து அக்கா நெருப்பில் கவிழ்த்தார். 'சொய்ங்' என்று ஒரு சத்தம். அறை முழுக்க ஆவி. தாழ்ந்த வாசலில் தலை இடித்துக்கொண்டு ஆர்க்கிடெக்ட் அம்மா உள்ளே வந்தார். மூக்குக்கண்ணாடியை ஆவி மூடிவிட்டது.

"என்னங்க, உள்ளயும் பனியா?"

"இந்தக் கட்டடம் அப்படித்தாம்மா," என்றார் அக்கா. "கதவத் தொறந்தா பனி உள்ள வந்து உக்காந்துக்கும். துரை பழக்கிவிட்டது."

நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

ஆர்க்கிடெக்ட் அம்மா நல்ல மாதிரி. சுவரைத் தட்டித் தட்டிப் பார்த்தார். கீழ்த்தளத்தின் கறுப்புச் சட்டங்கள்தான் கட்டடத்தைத் தாங்கும் நிஜ மரம், அவற்றுக்கு நடுவில் செங்கல் வைத்துப் பூசியிருக்கிறது, மேலே உள்ள கோடுகள் அழகுக்காகச் சும்மா தீட்டியவை என்றார். "பாத்தீங்களா, பாதி பொய்," என்றார் தலைவர். "பாதி நிஜம்," என்றார் அந்த அம்மா. அக்கா பின்னாலேயே போய்க் குள்ள ஃபாதர், நெட்டை ஃபாதர், பேசாத துரையம்மா எல்லாரையும் அறிமுகப்படுத்திவைத்தார். அந்த அம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு கேட்டுக்கொண்டார்.

பிறகு கணப்புக்கு வந்தார். தடைப் பலகையின் ஆணியில், அறுந்த கொடித் துண்டோடு, பூனைப்படம் போட்ட ஒற்றைக் குழந்தை சாக்ஸ் ஆடிக்கொண்டிருந்தது.

"இது என்ன?"

அக்கா வாயைத் திறப்பதற்குள் தலைவர் முந்திக்கொண்டார். "அது எங்க வழக்கம் மேடம். வெள்ளக்காரன் காலத்துலேர்ந்து வருது. கல்யாண ஜோடிக்கு ஒத்த சாக்ஸு. ரொம்பப் புனிதமானது."

"பூனைப்படம் அப்பவே இருந்ததா?"

"எல்லாம் கப்பல்ல வந்தது," என்றார் தலைவர். அக்கா அவரை முதல்முறையாக மரியாதையோடு பார்த்தார்.

ஆர்க்கிடெக்ட் அம்மா ஏணி வைத்துப் பரணுக்கு ஏறினார். மேலே அவர் நடக்கும் சத்தமும், கூரான கம்பியால் மரத்தைக் குத்தும் சத்தமும் கேட்டன. கீழே நாங்கள் அண்ணாந்து நின்றோம். அப்போதுதான் வந்து சேர்ந்த ஃபாதர் சுவரோரம் ஜெபம் பண்ணுவதுபோல நின்றார். வெகு நேரம் கழித்து, மூக்கு நுனியில் கரியோடு அந்த அம்மா இறங்கி வந்தார். நேராகக் கணப்புக்குப் போய்ச் செங்கல்லில் உள்ளங்கையை வைத்தார்.

"சுடுதே. யாரு இங்க நெருப்பு மூட்டுறது?"

"யாரும் மூட்டுறதில்ல," என்றார் தலைவர். "தடை போட்டிருக்கோம். மூட்டினா அன்னிக்கே வீட்டுக்குப் போகவேண்டியதுதான்." சொல்லிவிட்டு மெல்ல அக்கா பக்கம் திரும்பினார். எல்லோரும் திரும்பினோம். பின்னறைக் கதவிடுக்கில் இரண்டு ஜோடிக் கண்கள் தெரிந்தன. ஃபாதர் குனிந்து தன் காலைப் பார்த்தார். காலில் சாக்ஸ் இல்லை.

அக்காவின் முகத்தைப் பார்த்தேன். வழக்கமாகக் கேள்வி வந்து விழும்போதே அதில் ஒரு வெளிச்சம் வரும். அன்று வரவில்லை. உதடு அசைந்தது, நின்றது, மறுபடி அசைந்தது. கையில் இன்னும் தேநீர்ப் பாத்திரம் இருந்தது.

"தெரியாதும்மா," என்றார் அக்கா.

எனக்கு நாற்காலியிலிருந்து விழுந்துவிடுவேன்போல இருந்தது. உயரமாக வேறு உட்கார்ந்திருந்தேனா.

ஆர்க்கிடெக்ட் அம்மா அக்காவையும் அந்தத் தேநீர்ப் பாத்திரத்தையும் பார்த்தார். பிறகு தலைவரிடம் திரும்பினார். "இந்த மலையில இதே மாதிரி வீடு நிறைய பாத்திருக்கேன். எல்லாம் இந்த ஈரத்துல ஊறி, விரல வெச்சா உள்ள போகும். இங்க பரண் மரத்துல கம்பி எறங்க மாட்டேங்குது. அப்பளம் மாதிரிக் காஞ்சிருக்கு. புகைபோக்கியில ஒரு விரிசல் இருக்கு, அது வழியா மேல புகை போயிருக்கு. புழு பூச்சி ஒண்ணும் அண்டல. மழைக்காலம் தவறாம யாரோ நெருப்பு மூட்டியிருக்காங்க. அது யாரா இருந்தாலும் சரி, இந்தக் கட்டடத்தக் காப்பாத்தினது அவங்கதான்."

அந்த அம்மா மூக்கு நுனிக் கரியைத் துடைத்துக்கொண்டே மேலும் சொன்னார்.

"விரிசல அடைச்சிருங்க. பலகையக் கழட்டிருங்க. மழைக்காலத்துல இந்த நெருப்பு நிக்கவே கூடாது, இத நான் மேலிடத்துக்கும் சொல்லிருவேன். மண்டபம் வேணும்னா பக்கத்துல காலி இடம் கெடக்கே, அதுல கட்டுங்க."

"டைல்ஸ் போடலாமா?" என்றார் தலைவர்.

"தாராளமா."

தலைவரின் முகம் மெல்லத் தெளிந்தது. பலகையைக் கழற்ற ஸ்டூல்மேல் ஏறினார். ஆணியிலிருந்து சாக்ஸைப் பயபக்தியோடு எடுத்து என்னிடம் கொடுத்தார். பின்னறைக்குள் யாரோ வாயைப் பொத்திக்கொண்டு அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் ஒரு சத்தம் போட்டார்கள். கார் கிளம்பிப் போனதும் அக்கா கணப்புமுன் உட்கார்ந்து, நனைந்த கட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தள்ளிவைத்துப் புதுக் கட்டை அடுக்கினார். நான் தீக்குச்சியை உரசிக் கொடுத்தேன்.

"ஏன்க்கா," என்றேன், "ஊரு ஒலகத்துக்கெல்லாம் கத சொல்லுவீங்க. துரையம்மா ஆவி மூட்டுதுன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே. இன்னிக்குப் பாத்து ஏன் கத வரல?"

அக்கா நெருப்பை ஊதினார். பற்றிக்கொண்டதும்தான் பேசினார்.

"எனக்குத் தெரியாததக் கேட்டா கத வரும்மா. தெரிஞ்சதக் கேட்டா எங்கேர்ந்து வரும்?"

அதன் பிறகும் சில மழைக்காலங்கள் அந்த நெருப்பை எல்லோர் கண்முன்னாலும் மூட்டினார். துணிக்கூடைகள் முன்வாசல் வழியாகவே வந்தன. முழங்கால் அடியோடு மறுத்த பிறகு மகள் வந்து கூட்டிப்போனாள். வழியனுப்ப வந்த தலைவர், "இப்பவாவது சொல்லு, அப்ப மூட்டினது நீதானே?" என்று கேட்டார். "துரையம்மா ஆவி," என்றார் அக்கா, ஒரு நொடிகூடத் தாமதிக்காமல். நான் கொடுத்த யோசனை வீண்போகவில்லை. கிள்ளானிலிருந்து போனில், "இங்க துணி போட்ட சூட்டுல காஞ்சிருது லா. ஒருத்தி வந்து உக்காந்து பேசுறதில்ல," என்று குறைப்பட்டுக்கொண்டார். அங்கேயேதான் போய்ச் சேர்ந்தார். சாவுக்குப் போயிருந்தேன். அதிகம் பேசாத மருமகன் என்னிடம் வந்து, நிலாவில் ஏன் மழை பெய்வதில்லை என்று தெரியுமா, அத்தை சொல்லியிருக்கிறார் என்று நெடுநேரம் பேசிக்கொண்டிருந்தார். நான் அழுதது அப்போதுதான்.

போன மழைக்காலத்தில் மறுபடி மலைமேல் போயிருந்தேன். வரிக்குதிரை ஆபீஸ் நிற்கிறது. பக்கத்து மண்டபத்துத் தரையில் முகம் பார்க்கலாம். ஆபீஸ் கணப்பில் வேர்க்கட்டை எரிகிறது, கொடி நிறையச் சீருடை. வாசலில் புதிதாக ஒரு அறிவிப்புப் பலகை வைத்திருக்கிறார்கள்: 'இக்கட்டடத்தைக் கட்டியவர் பற்றிய விவரம் தெரியவில்லை.' எனக்குச் சுருக்கென்றது. அக்கா வாசலில் இப்படி ஒரு வாக்கியமா?

ஈப்போவிலிருந்து வந்த குடும்பம் ஒன்று படம் எடுத்துக்கொண்டிருந்தது. அந்தப் பெண் பலகையைப் படித்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "நீங்க இந்த ஊரா? இது ஏன் இப்படிக் கறுப்புக் கறுப்பாக் கோடு போட்டிருக்கு?"

ஆர்க்கிடெக்ட் அம்மா சொன்னது எனக்கு நன்றாகவே நினைவிருக்கிறது. கீழே நிஜ மரம், மேலே வெறும் தீட்டல். சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

"யானைக்காக," என்றேன்.

"இவ்வளவு உயரத்துலயா யானை?"

"அதான் இல்லையே இப்ப," என்றேன். "கோட்டப் பாத்துட்டு எறங்கிப் போயிருச்சு."